கையில் அடங்காத சொனிக்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ரி.வி. கேம்களைக் கையடக்கக் கருவிகளில் மீண்டும் விளையாடிப் பார்த்தவர்கள் தமது அனுபவத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். ஒரு வரி கேட்ட இடத்தில் நான்கு பக்கக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மனக்குறைகள். ஆகவே மற்றைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லடி): ஐயா, 1990களின் பிற்பகுதியில் எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு சேகா மெகா ட்ரைவ் இருந்தது. மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, வரிசையில் காத்திருந்து, ஓடித் துள்ளும் முள்ளெலியின் விளையாட்டான 'சொனிக் த ஹெட்ஜ்ஹொக்' விளையாடி வளர்ந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டே முதல் ஸ்டேஜை முடிப்பேன் என்று மச்சான்மாருடன் பந்தயம் கட்டியதும் உண்டு. அண்மையில் கட்டாரிலிருந்து வந்த மைத்துனர், பாவித்த கேம்போய் அட்வான்ஸ் எஸ்.பி. ஒன்றையும் அதே சொனிக்கின் கசெட் ஒன்றையும் என் மகனுக்கென்று கொண்டுவந்து தந்தார். மகன் உறங்கிய பிறகு நான்தான் முதலில் எடுத்து விளையாடினேன். சொனிக் ஓடவில்லை, சேற்று வயலுக்குள் இறங்கியதுபோலக் கால் புதையப் புதைய நடக்கிறது. படமும் விட்டுவிட்டு வருகிறது. எனக்கு நன்றாகப் பழகிய இடங்களிலேயே முள்ளில் போய் விழுகிறேன். கசெட்டின் பற்களை அழிறப்பரால் துடைத்துப் பார்த்தேன். கடை ஒன்றில் காட்டியபோது பற்றரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் பயனில்லை. கருவி பழுதா, கசெட் போலியா, அல்லது நாற்பதைத் தாண்டிய என் கைதான் மந்தமாகிவிட்டதா?

பதில்: உங்கள் கையின்மேல் பழி போட வேண்டாம். பற்றரிக்குச் செலவழித்த காசுக்காக மட்டும் வருந்துகிறேன். கசெட் அசலாக இருந்தாலும் போலியாக இருந்தாலும் அதனுள் இருப்பது ஒரே விளையாட்டுத்தான். பழுது அந்த விளையாட்டிலேயே இருக்கிறது.

உங்களிடம் இருப்பது 'சொனிக் த ஹெட்ஜ்ஹொக் ஜெனெசிஸ்' என்ற பதிப்பு. நாம் மெகா ட்ரைவ் என்று அறிந்த கருவிக்கு வட அமெரிக்காவில் வழங்கிய பெயரே ஜெனெசிஸ். 1991இல் வெளியான மூல விளையாட்டின் 15ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி, 2006இல், அதனைக் கேம்போய் அட்வான்ஸில் ஓடுமாறு மாற்றி வெளியிட்டார்கள். ஒரு கருவிக்கென எழுதப்பட்ட விளையாட்டை இவ்வாறு இன்னொரு கருவிக்கு மாற்றுவதைத்தான் இத்துறையினர் 'போர்ட்' என்கிறார்கள். வெளிவந்த நாளிலிருந்தே இந்தப் போர்ட் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. நீங்கள் சொல்லும் அதே குறைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் எழுதினார்கள்.

பழகிய இடத்தில் முள்ளில் விழுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். வேகக் குறைவைவிட இதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. மெகா ட்ரைவில் சொனிக்கின் படம் குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 224 புள்ளிகளும் கொண்டது. கேம்போய் அட்வான்ஸின் திரையோ 240க்கு 160. பெரிய படத்தைச் சுருக்கி இச்சிறிய திரைக்குள் அடக்கியிருந்தால் உருவங்கள் சிறுத்திருக்கும். அவ்வாறு செய்யாமல், உருவங்களை அதே அளவில் விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அகலத்தில் முக்கால்பங்கும் உயரத்தில் பத்தில் ஏழு பங்கும்தான் எஞ்சுகின்றன. இரண்டையும் பெருக்கினால், நீங்கள் சிறுவயதில் கண்ட காட்சியில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவே இப்போது உங்கள் கண்ணுக்கு எட்டுகிறது.

சதுரங்கம் போன்றதொரு விளையாட்டில் இது பெரிய இழப்பாகாது. சொனிக் அப்படியல்ல. அது முன்னால் வருவதைக் கண்டு முடிவெடுக்கும் விளையாட்டு. சமதரையில் முழு வேகத்தில் ஓடும் சொனிக் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் படம் ஒவ்வொரு முறை மாறும்போதும், 6 புள்ளிகள் முன்னேறுகிறது. செக்கனுக்கு 60 பிரேம் என்றால் செக்கனுக்கு 360 புள்ளிகள். சொனிக் ஏறத்தாழத் திரையின் நடுவிலேயே நிற்பதால், மூல விளையாட்டில் அதற்கு முன்னால் 160 புள்ளிகள் தெரிந்தன. இங்கே 120 மட்டுமே தெரிகின்றன. ஓரத்தில் தலைகாட்டும் ஒரு முள் உங்கள் காலடிக்கு வர முன்பு 0.44 செக்கன் இருந்தது, அது 0.33 ஆகிவிட்டது. இரவில் வவுணதீவுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய் வருபவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வீதியின் நடுவே மாடு படுத்திருப்பது வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு வேகத்துக்குமேல் ஓட முடியாது.

இந்தக் கணக்கில் நம்மூர்க்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையின் தொலைக்காட்சிகள் 'பால்' முறையைச் சேர்ந்தவை. (பெயரைக் கேட்டதும் யாரும் நமது எருமைத் தயிரை நினைத்துவிட வேண்டாம், அது ஒரு ஒளிபரப்பு முறையின் பெயர்.) அம்முறையில் செக்கனுக்கு 50 முறைதான் படம் மாறும், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை. முதலாவது சொனிக்கை 'பால்' கருவிகளுக்கென்று வேகம் திருத்தாமலே வெளியிட்டார்கள். ஆகவே பெரியம்மா வீட்டுக் கருவியும் அவ்வகையினதாக இருந்திருந்தால், நீங்கள் பந்தயம் கட்டிய சொனிக் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிய சொனிக். பின்னணி இசையும் அவ்வாறே இழுபட்டது. அந்தச் சொனிக்கில் முள்ளைக் கண்டு துள்ள உங்களுக்கு அரைச் செக்கனுக்குச் சற்று மேலான அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்துக்குத்தான் உங்கள் விரல் பழகியிருக்கிறது.

போர்ட்டும் மெதுவாகத்தானே ஓடுகிறது, அந்த இழப்பு ஈடாகிவிடாதா என்று கேட்கலாம். சீராக மெதுவாகியிருந்தால் ஓரளவுக்கு ஈடாகியிருக்கும். 'பால்' சொனிக் மெதுவானதென்றாலும் சீரானது, அதனால்தான் அன்று நமக்கு அது குறையாகவே தெரியவில்லை. இங்கே வேகம் ஒரு நேரம் வந்து ஒரு நேரம் தடுக்குகிறது. பட்டனை அழுத்திய கணத்துக்கும் துள்ளும் கணத்துக்கும் இடையிலான இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் எந்த விரலும் பழகாது.

உங்கள் கடிதம் வந்ததும் நண்பர் ஒருவரிடம் அந்தக் கசெட்டை இரவல் வாங்கி, மடிக்கணினியில் மூல விளையாட்டையும் ஓடவிட்டு, இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் ஸ்டேஜான கிறீன் ஹில்லில் மரப்பாலத்தின் அடியிலிருந்து மீன் துள்ளும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். மூலத்தில் அந்த மீன் எழுந்து விழுவதைத் தூரத்திலேயே கண்டு, அது இறங்கும் நேரம் பார்த்துப் பாலத்தில் கால் வைக்கலாம். கையடக்கப் பதிப்பில் பாலம் தெரிவதும் மீன் பாய்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே நிகழ்ந்து, முதல் முறையிலேயே, அடிபட்டால் உயிரைக் காக்கவென்று சேர்த்து வைத்த என் வளையங்கள் அத்தனையும் சிதறின. கல்லடிப் பாலத்தடி மீனுக்குப் பாடத்தான் தெரியும் என்பதால் நாம் இந்த ஆபத்துக்குப் பழக்கப்படவில்லை போலும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சொனிக்கில்தான் அறிமுகமான, நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் உத்தியை இந்தப் பதிப்பின் ஆண்டு நிறைவுப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். மகன் அதனை விரும்பக்கூடும்.

கேள்வி (அக்கரைப்பற்று): நானும் இதே குறையைச் சொன்னபோது என் காக்கா, "பெரிய கருவியில் ஓடியதை உள்ளங்கை அளவுக் கருவி எப்படித் தாங்கும்? குறை சொல்வது நியாயமில்லை" என்று வாயை அடைத்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: பொதுவாகச் சரி, சொனிக்கைப் பொறுத்தவரை சரியல்ல. மெகா ட்ரைவின் மூளை சுமார் 7.6 மெகாஹேர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா 68000. 2001இல் வந்த கேம்போய் அட்வான்ஸின் மூளை 16.78 மெகாஹேர்ட்ஸில் ஓடும், 32 பிட் ஏ.ஆர்.எம். வகை. நிறங்களை எடுத்துக்கொண்டால் முன்னதற்கு 512 நிறங்களிலிருந்து தெரிவு செய்யும் வசதிதான் உண்டு, பின்னதற்கு 32,768. மெகாஹேர்ட்ஸை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை எடைபோடக் கூடாது என்பது உண்மை. ஆனால் தாங்காது என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

காக்காவிடம் காட்டுவதற்கு இன்னும் வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதே கேம்போய் அட்வான்ஸுக்கு, அதே சொனிக்கை வைத்து, 'சொனிக் அட்வான்ஸ்' என்ற விளையாட்டு 2001இலேயே ஜப்பானில் வெளியாகிவிட்டது. அது வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தச் சிறிய திரையை அளந்து பார்த்து, அதற்கேற்ற மேடு பள்ளங்களை வரைந்து தொடங்கியவர்களின் வேலை அது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்பு வந்த போர்ட்டில், 320 புள்ளி அகலத்துக்கென்று வரைந்த மேடு பள்ளங்களை அப்படியே எடுத்து 240 புள்ளிக்குள் திணித்தார்கள். அதற்கும் பின்னர், தனியாள் ஒருவர், ஒரு ரசிகராகவே அமர்ந்து, முதலாவது சொனிக்கை அதே கருவியில் தடுக்காமல் ஓடவைத்துக் காட்டினார். கருவியால் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காக்காவின் வாதம் பொருந்தும் இடம் ஒலி. மெகா ட்ரைவில் யமஹா நிறுவனத்தின் எவ்.எம். ஒலிச்சில்லு ஒன்று தனியாக இருந்தது. மசாத்தோ நக்கமுரா அமைத்த இசையின் அந்த உலோக நாதம் அச்சில்லிலிருந்து பிறந்தது. கேம்போய் அட்வான்ஸில் அத்தகைய சில்லு இல்லை. ஆகவே இசை சற்று மாறியே தீரும், அதை மன்னிக்கலாம்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): நான் பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியை. விளையாட்டு எனக்குத் தெரியாது. மூத்த மகன் 'பைனல் பான்டசி 6' விளையாடும்போது அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே அதன் இசை மனப்பாடமாகிவிட்டது. இளையவர் அதே விளையாட்டைக் கேம்போயில் விளையாடுகிறார். சுருதி மாறவில்லை, தாளமும் மாறவில்லை. ஆனால் தகரப் பேணிக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. நிறங்களும் வெளிறித் தெரிகின்றன. என் காதில் பிழையா?

பதில்: விளையாடத் தெரியாத ஒருவர் இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருப்பதை எண்ணி வியக்கிறேன். 1994இல் அவ்விளையாட்டு வெளிவந்த சூப்பர் நின்டெண்டோ கருவியில், சொனி நிறுவனம் செய்த தனி ஒலிப்பகுதி ஒன்று இருந்தது. அது எட்டுக் குரல்களை ஒரே வேளையில், மூளைக்கு எந்தத் தொந்தரவும் தராமல், தானே இசைக்கும். நோபுவோ உவேமற்சு தமது இசையை அந்த எட்டுக் குரல்களுக்காகவே அமைத்தார். கேம்போய் அட்வான்ஸில், பழைய கேம்போயின் எளிய ஒலிகளை விட்டால், பதிவு செய்த ஒலியை வெளியிட இரண்டே வழிகள்தான் உண்டு. அவையும் 8 பிட் தரத்தவை. எட்டுக் குரல்களையும் முன்கூட்டியே கலந்து அந்த வழிகளுக்குள் அனுப்பும் வேலை, படம் வரையவும் பகைவரை நகர்த்தவும் வேண்டிய அதே மூளையின் தலையில் விழுகிறது. அதற்கு நேரம் போதாதபோது ஒலியின் தரத்தைக் குறைத்துவிடுவார்கள். கச்சேரிக்குரிய பக்கவாத்தியகாரர் எல்லோரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் நெருக்கி நிறுத்தினால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும். நாடக மேடையில் பாடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை இரண்டு கருவிகளிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்; சிறுவர் கையிலிருப்பது எஸ்.பி. மாதிரி என்றால், அதில் சாதாரண ஹெட்போனைச் செருக இடமே இல்லை, தனி இணைப்பு வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறம் வெளிறியதற்குக் காரணம் வேறு. 2001இல் வந்த முதல் கேம்போய் அட்வான்ஸின் திரைக்கு விளக்கே கிடையாது. விறாந்தையில் வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து விளையாடியவர்களுக்கு அது தெரியும். மாலையானதும் கருவியை மூடிவைக்க வேண்டியதுதான். அந்த இருண்ட திரையில் ஏதாவது தெரிய வேண்டும் என்பதற்காக விளையாட்டுகளின் நிறங்களை வேண்டுமென்றே பிரகாசமாக்கினார்கள். 2003இல் எஸ்.பி. விளக்குடன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளிச்சமுள்ள திரையில் அந்நிறங்கள் பலமுறை தோய்த்த சேலைபோலத் தெரிகின்றன.

எனினும் இந்தப் போர்ட்டைச் சொனிக்குடன் ஒரே வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை. 2006இல் ஜப்பானில் வெளியான இப்பதிப்பில் மூலத்திலிருந்த பிழைகள் சில திருத்தப்பட்டன; புதிய நிலவறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. நின்று நிதானித்துக் கட்டளை கொடுக்கும் விளையாட்டு என்பதால் சிறிய திரை அதனைக் கெடுக்கவில்லை. இளையவர் தாராளமாக விளையாடட்டும். இசைக்கு மட்டும் மூத்தவரிடம் போங்கள்.

கேள்வி (காத்தான்குடி): 'மோர்ட்டல் கொம்பட் அட்வான்ஸ்' ஏன் அவ்வளவு கேவலமாக இருக்கிறது?

பதில்: அது 1995இல் வந்த 'அல்டிமேட் மோர்ட்டல் கொம்பட் 3'இன் போர்ட், வெளிவந்தது 2001இல். மூலத்துக்கு ஆறு பட்டன்கள் தேவை: குத்து இரண்டு, உதை இரண்டு, தடுக்க ஒன்று, ஓட ஒன்று. கேம்போய் அட்வான்ஸில் ஆட்டத்துக்கு உதவுபவை மேலே இரண்டு, தோள்பட்டையில் இரண்டு, ஆக நான்கு. இந்தச் சிக்கல் சண்டை விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவானதுதான். 'ஸ்ரீட் பைட்டர் அல்பா 3'உம் ஆறு பட்டன் விளையாட்டே, ஆனாலும் அதே கருவியில் 2002இல் வந்தபோது பாராட்டுப் பெற்றது. மோர்ட்டல் கொம்பட்டுக்கோ அமெரிக்க இதழொன்றின் விமர்சகர் பத்துக்குச் சுழியம் போட்டார். நானாக இருந்தால், அட்டைப்படத்துக்காக அரைப்புள்ளி கொடுத்திருப்பேன்.

கேள்வி (ஏறாவூர்): முதலாவது சொனிக்கைக் கையில் வைத்து விளையாடியே தீர வேண்டும் என்று ஆசை. ஏமாறாமல் இருக்க எதை வாங்குவது?

பதில்: திரையின் அளவைக் கேளுங்கள், கருவியின் விலையைப் பிறகு கேளுங்கள். 2013இல் நின்டெண்டோ 3டி.எஸ். கருவிக்கு எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் இவ்விளையாட்டை மாற்றிக் கொடுத்தது. அக்கருவியின் மேல்திரை 400க்கு 240 புள்ளிகள் கொண்டது. 320க்கு 224 அதனுள் வெட்டாமல் கொத்தாமல் அடங்கிவிடும். ஆனால் அக்கருவிக்கான இணையக் கடை 2023இல் விற்பனையை நிறுத்திவிட்டதால் இனி அதனைப் புதிதாக வாங்க வழியில்லை.

அதே 2013இல் கையடக்கத் தொலைபேசிகளுக்கு வந்த பதிப்பை ஆக்கியவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியன் வைற்ஹெட். ரசிகராகத் தொடங்கிப் பின்னர் சேகாவின் பணிக்கே அழைக்கப்பட்டவர். அவர் மூலத்தை வெட்டவில்லை. மாறாக, தொலைபேசியின் நீண்ட திரைக்கேற்பக் காட்சியை இருபுறமும் விரித்தார். முன்னே தெரியும் தூரம் மூலத்தைவிடக் கூடியது, வேகமும் தடுக்கவில்லை. குறை என்று சொன்னால், கண்ணாடியில் விரலைத் தேய்த்து ஓடுவது பட்டனை அழுத்தும் சுகத்தைத் தராது. வியர்க்கும் சித்திரை மாதத்தில் விரல் வேறு வழுக்கும். நின்டெண்டோ சுவிட்ச் வைத்திருப்பவர்கள் 2022இல் வந்த 'சொனிக் ஒரிஜின்ஸ்' தொகுப்பை வாங்கலாம். முதலாவது சொனிக் அதில் அகன்ற திரையிலும் பழைய வடிவிலும் இருக்கிறது, பட்டன்களும் உண்டு.

கேள்வி (திருக்கோவில், மாணவர்): மாமாவின் பழைய சேகா கேம் கியரில் 'சொனிக் 2' விளையாடுகிறேன். முதலாவது பெரிய எதிரியையே என்னால் வெல்ல முடியவில்லை. ரி.வி.யில் விளையாடிய மாமா அது மிகவும் இலகு என்று சொல்லிச் சிரிக்கிறார்.

பதில்: தம்பி, மாமா விளையாடியது சேகாவின் ரி.வி. கருவியான மாஸ்டர் சிஸ்டமாக இருந்தால், அவருடைய திரை 256க்கு 192, உம்முடையது 160க்கு 144. உருவங்களின் அளவோ இரண்டிலும் ஒன்றுதான். அந்தச் சரிவில் குதித்துக் குதித்து வரும் குண்டுகளை மாமா தூரத்திலேயே கண்டுவிட்டார். உமக்கோ தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரிகின்றன. போதாக்குறைக்கு அந்த இடத்தில் வளையங்களும் கிடையாது. ஒரு அடி பட்டால் உயிர் போய்விடும். சரிவு உம்மைக் கீழே நிற்கும் எதிரியின் வாய்க்குள் இழுக்கும் என்பதால் அதற்கு எதிர்ப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு குண்டும் எவ்வளவு உயரம் குதிக்கிறது என்பதை மட்டும் பாரும். எதிரியை நீர் தொட வேண்டியதில்லை. நீர் தப்பிக்கொண்டால் குண்டுகள் தாமாகவே போய் அதன்மேல் விழும். வென்ற பிறகு அதே கருவியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும்.